நிக்கோட்டினுக்கு டூப் போட்டவர்கள்

சிகரெட்டை நிறுத்த வைக்கும் மருந்துகளின் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே ஒரு சங்கடம். சில நூறு வருஷங்களுக்குப் புகையிலையேதான் மருந்து.

ழான் நிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1559-ல் போர்ச்சுகலுக்குத் தூதராகப் போனார். போன காரியம், ஆறு வயது பிரெஞ்சு இளவரசிக்கும் ஐந்து வயது போர்ச்சுகல் ராஜாவுக்கும் கல்யாணம் பேசி முடிப்பது. கல்யாணம் முடியவில்லை. வெறுங்கையோடு இருக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, லிஸ்பனில் பார்த்த ஒரு புதுச் செடியை ஆகா ஓகோவென்று புகழ்ந்து, ராஜமாதா கேத்தரின் டி மெடிசியின் தலைவலிக்குக் கைகண்ட மருந்து என்று ஊருக்கு அனுப்பிவைத்தார். செடிக்கு அவர் பெயரே நிலைத்தது. 1828-ல் ஹைடல்பர்க்கில் இரண்டு ஜெர்மானியர்கள் அந்த இலையின் விஷத்தைத் தனியே பிரித்து எடுத்தபோது அதற்கும் நிக்கோட்டின் என்று அவர் பெயரையே சூட்டினார்கள். கல்யாணத் தரகராகத் தோற்ற மனிதர்களில் இவ்வளவு பிரபலமானவர் வேறு யாருமில்லை.

1571-ல் செவில் நகரத்து வைத்தியர் மொனார்டெஸ், புகையிலை தீர்க்கும் வியாதிகளைப் பட்டியல் போட்டார். இருபதைத் தாண்டியது. நம்மூர்ப் பேருந்து நிலையத்தில் லேகியம் விற்பவர்கூட இவ்வளவு துணிய மாட்டார். 1665-ல் லண்டனில் பிளேக் வந்தது. ஈட்டன் பள்ளிப் பையன்கள் தினமும் காலையில் கட்டாயம் புகைக்க வேண்டும் என்று உத்தரவு. ஒரு நாள் புகைக்காமல் போனதற்காக வாங்கியதுபோல வாழ்நாளில் அடி வாங்கியதில்லை என்று அங்கே படித்த ஒருவர் பிற்காலத்தில் சொன்னது ஒரு நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் பின்னால் பிடிபட்டு அதே அடியை எதிர்க் காரணத்துக்காக வாங்கியவர்கள் இதைப் படித்தால் வயிறெரிவார்கள்.

உச்சகட்டம் தேம்ஸ் நதிக்கரை. 1774-ல் தொடங்கிய ஒரு தர்ம சங்கம், நீரில் மூழ்கியவர்களைப் பிழைக்க வைக்கக் கருவிப்பெட்டிகளை ஆற்றோரம் வைத்திருந்தது. உள்ளே துருத்தி, குழாய், புகையிலை. மூழ்கியவரைக் கரையில் போட்டு, புகையை ஊதுவார்கள். வாய் வழியாக இல்லை, பின்வாசல் வழியாக. உயிர் இருந்தால் எழுந்து ஓடியிருப்பார், இல்லையென்றால் அவருக்கு அவமானம் தெரிந்திருக்காது. எப்படிப் பார்த்தாலும் நல்ல வைத்தியம்தான்.

மருந்து என்று நுழைந்தது வழக்கமாகிவிட்டதும் ராஜாக்கள் விழித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் 1604-ல் புகையிலையைத் திட்டி ஒரு புத்தகமே எழுதினார். யாரும் கேட்கவில்லை. உடனே பவுண்டுக்கு 2 பென்ஸாக இருந்த இறக்குமதி வரியை 6 ஷில்லிங் 10 பென்ஸாக ஏற்றினார். அதாவது 41 மடங்கு. பணம் வரத் தொடங்கியதும் வெறுப்பு கொஞ்சம் தணிந்தது. கடைசியில் அந்த வியாபாரத்தையே அரச ஏகபோகமாக்கிக்கொண்டார். டாஸ்மாக்கைக் கண்டுபிடித்தது நாம்தான் என்று பெருமைப்பட்டுக்கொள்பவர்கள் கவனிக்க. துருக்கி சுல்தான் நான்காம் முராத்துக்குப் புத்தகம் எழுதும் பொறுமை கிடையாது. 1633-ல் புகைத்தால் தலை போகும் என்று அறிவித்தார். போயின. புகை மட்டும் போகவில்லை. இந்தப் பக்கம் பிஜாப்பூரிலிருந்து அசத் பேக் என்பவர் ரத்தினம் பதித்த ஹூக்கா ஒன்றை அக்பருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். வைத்தியர் தடுத்தும் கேட்காமல் பாதுஷா ஓரிரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். சபையில் இருந்த பிரபுக்கள் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். மகன் ஜஹாங்கீர் 1617-ல் தடை போட்டார். அந்தத் தடை எவ்வளவு பலித்தது என்பதை எந்தப் பெட்டிக்கடை வாசலில் நின்றாலும் தெரிந்துகொள்ளலாம்.

ஆக, வரி தோற்றது, வாள் தோற்றது. அடுத்து மனோதத்துவத்தின் முறை. சிக்மண்ட் ஃப்ராய்ட் ஒரு நாளைக்கு இருபது சுருட்டு ஊதியவர். 1884-ல், மார்ஃபினுக்கு அடிமையாகியிருந்த நண்பர் ஒருவரை மீட்க ஃப்ராய்ட் யோசனை சொன்னார்: மார்ஃபினுக்குப் பதில் கொக்கைன். நண்பர் மார்ஃபினை விடாமலே கொக்கைனுக்கும் அடிமையாகி 1891-ல் இறந்தார். அசலுக்குப் பதில் டூப் போடலாம் என்கிற எண்ணம் தப்பில்லை; டூப்பாக வந்தவன் அசலைவிடப் பெரிய வில்லன், அவ்வளவுதான். 1894-ல் இதயம் தடுமாறத் தொடங்கியதும் டாக்டர் நண்பர் ஒருவர் ஃப்ராய்டைச் சுருட்டை விடச் சொன்னார். விட்டார், சில வாரங்கள். 1923-ல் வாயில் புற்றுநோய். முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை. நடுவிலும் சுருட்டு. ஊரார் ஆழ்மனத்தை எல்லாம் தோண்டி எடுத்தவருக்குத் தன் சட்டைப் பையில் இருந்ததை எடுத்துப் போட முடியவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு கூட்டம் கடை விரித்திருந்தது. 1890-களில் 'நோ-டு-பாக்' என்று ஒரு மாத்திரை. பத்திரிகை பத்திரிகையாக விளம்பரம்: குணமாவது நிச்சயம், இல்லையென்றால் பணம் வாபஸ். அந்தக் கம்பெனியின் இன்னொரு பிரபலச் சரக்கு மலமிளக்கி மிட்டாய். இரண்டையும் மாற்றி எடுத்துச் சாப்பிட்டவர்களும் அன்று முழுக்கப் புகைத்திருக்க மாட்டார்கள்.

பிறகு லோபெலியா என்ற செடி. வாந்திச் செடி என்றே அதற்குப் பட்டப்பெயர். அதிலிருந்து எடுத்த லோபெலின் நிக்கோட்டினுக்குத் தூரத்து உறவு மாதிரி வேலை செய்யும் என்றார்கள். பல பத்து வருஷம் மருந்துக்கடையில் தாராளமாக விற்றது. கூடவே வெள்ளி அசிடேட் கலந்த சூயிங்கம் ஒன்று: அதை மென்றபின் சிகரெட்டைப் பற்றவைத்தால் வாய் முழுக்கச் சகிக்க முடியாத உலோகச் சுவை. மெல்லாமல் விட்டால் சிகரெட் நன்றாக இருக்கும் என்பதைக் கண்டுபிடிக்க யாருக்கும் அதிக நேரம் ஆகியிருக்காது. பலன் இருப்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று அமெரிக்க அரசு 1993-ல் இரண்டையும் கடையிலிருந்து இறக்கியது.

ஜேம்ஸ் ராஜாவிலிருந்து சூயிங்கம் விற்றவர்வரை பெரும்பாலும் புகையை ஒழிக்கக் கங்கணம் கட்டியவர்கள். உருப்படியாக வேலை செய்த மருந்துகளின் ஆரம்பத்தைத் தேடிப்போனால் அங்கே கங்கணம் எதுவும் இல்லை. புகையிலை கிடைக்காமல் தவித்த சிப்பாய், கடலுக்கடியில் பற்றவைக்க முடியாத மாலுமி, மனச்சோர்வுக்கு மாத்திரை விழுங்கிய பழைய ராணுவக்காரர் என்று சம்பந்தமில்லாத ஆட்களாக நிற்கிறார்கள்.

முதலில் சிப்பாய். ஐரோப்பாவில் லாபர்னம் என்று ஒரு மரம். மஞ்சள் பூ சரம் சரமாகத் தொங்கும். நம் சரக்கொன்றையைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் அதை இந்திய லாபர்னம் என்றே அழைத்தார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு மரங்கள். (யாரும் கொன்றை இலையைச் சுருட்டிப் பற்றவைத்துவிட வேண்டாம். அந்த லாபர்னத்தையும்தான், அது விஷம்.) இரண்டாம் உலகப் போரில் புகையிலைத் தட்டுப்பாடு. கைக்கு எட்டிய இலையை எல்லாம் சுருட்டி இழுத்துப் பார்த்த சிப்பாய்கள் லாபர்னம் இலையையும் விடவில்லை. அதில் ஏதோ கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. காரணம் சைட்டிசின் என்ற பொருள். நிக்கோட்டின் உடம்பில் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது என்று ஹென்றி டேல், லெய்ட்லா என்ற ஆய்வாளர்கள் 1912-லேயே எழுதிவைத்திருந்தார்கள். அதைப் படிக்காமலே சிப்பாய்கள் சோதனையை முடித்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். மூளையில் நிக்கோட்டின் வந்து உட்காரக்கூடிய சில ஏற்பிகள் உண்டு. ஒரு இழுப்பு இழுத்தால் சில நொடிகளில் நிக்கோட்டின் அங்கே போய் உட்கார்ந்துவிடும், டோபமின் பொங்கும், ரசிகர்கள் விசிலடிப்பார்கள். கதாநாயகன் வராத நாளில் ரசிகர்கள் நாற்காலியை உடைப்பார்கள். எரிச்சல், தூக்கமின்மை, மனைவி கேட்ட சாதாரணக் கேள்விக்குக் கத்தல் எல்லாம் அந்த நாற்காலி உடையும் சத்தம். சைட்டிசின் பார்க்கக் கதாநாயகன் மாதிரியே இருக்கும் டூப். அதே ஏற்பியில் உட்காரும், ஆனால் பாதி நடிப்புதான் நடிக்கும். ரசிகர்கள் கலவரம் செய்யாத அளவுக்குப் போதும். இதற்கிடையில் அசல் ஆள் வந்து நின்றாலும் இடம் காலியில்லை. பற்றவைத்த சிகரெட்டில் பழைய சுகம் கிடைக்காது.

இதை மாத்திரையாக்கியது கம்யூனிஸ்ட் பல்கேரியா. 1964-ல் டாபெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 25 நாள் கணக்கு. முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாகத் தினம் ஆறு மாத்திரை, ஐந்தாம் நாளுக்குள் சிகரெட்டுக்கு முழுக்கு, பிறகு மாத்திரையும் படிப்படியாகக் குறையும். விலையும் மலிவு. அதே 1964 ஜனவரியில்தான் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் லூதர் டெர்ரி, சிகரெட் புற்றுநோய் தரும் என்று அறிக்கை வெளியிட்டார். பங்குச் சந்தை கலங்கக்கூடாது என்று சனிக்கிழமையாகப் பார்த்து வெளியிட்டார்கள். அந்த அறிக்கை புகைப்பதை அடிமைத்தனம் என்று சொல்லாமல் பழக்கம் என்றுதான் சொன்னது. வியாதி இருக்கிறது என்று ஒரு தேசம் தயங்கித் தயங்கிச் சொன்ன வருஷத்தில் இன்னொரு தேசம் மருந்தைக் கடையில் வைத்திருந்தது. ஆனால் நடுவே இரும்புத்திரை. கிழக்கு ஐரோப்பா இந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்க, மேற்கு நாடுகள் பல பத்து வருஷம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி மாலுமி. ஸ்வீடனில் லுண்ட் நகரத்து ஆய்வாளர் கிளேஸ் லுண்ட்கிரென் 1967-ல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நீர்மூழ்கிக் கப்பலில் தம் அடிக்கத் தடை. கப்பல்காரர்கள் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு சமாளித்தார்கள். மேலே வந்தால் சிகரெட், கீழே போனால் வாயில் புகையிலை. அப்படியென்றால் மனிதனுக்கு வேண்டியது புகை இல்லை, உள்ளே இருக்கும் சரக்கு. அவர் இதை ஹெல்சிங்போரியில் லியோ என்ற மருந்துக் கம்பெனியில் இருந்த ஊவே ஃபெர்னோவுக்குக் கடிதமாக எழுதினார். ஃபெர்னோவே பலத்த புகைப்பிரியர், அதனால் விஷயம் உடனே புரிந்தது. வெற்றிலையில் புகையிலை வைத்துக் குதப்பும் எந்தப் பாட்டியும் இதைக் கடிதம் எழுதாமலே சொல்லியிருப்பாள். நிக்கோட்டினைச் சூயிங்கத்தில் ஏற்றினார் ஃபெர்னோ. 1978-ல் முதலில் சுவிட்சர்லாந்தில் விற்பனை. அமெரிக்கா 1984-ல் டாக்டர் சீட்டோடு மட்டும் அனுமதித்தது. ஒரு பெட்டி சிகரெட்டை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதில் இருக்கிற விஷயத்தைப் புகை, தார் எல்லாம் இல்லாமல் வாங்க டாக்டர் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வேண்டாம் என்று அவர்கள் முடிவுசெய்ய 1996 ஆனது.

அடுத்தது தோலில் ஒட்டும் பட்டை. கலிஃபோர்னியாவில் மர்ரி ஜார்விக், ஜெட் ரோஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள். புகையிலை வயலில் ஈர இலை பறிக்கும் தொழிலாளர்களுக்குத் தோல் வழியாகவே நிக்கோட்டின் ஏறி மயக்கமும் வாந்தியும் வருவதைக் கேள்விப்பட்டிருந்தார்கள். மற்றவர்கள்மேல் சோதிக்க அனுமதி கிடைக்கவில்லை. சரி போ என்று தங்கள் தோலிலேயே புகையிலையைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நெஞ்சு படபடத்தது. ஆய்வு வெற்றி. 1991 கடைசியில் அரசு அனுமதி கிடைத்து, பட்டையும் டாக்டர் சீட்டோடு கடைக்கு வந்தது.

இப்போது காலண்டரைக் கொஞ்சம் பாருங்கள். நிக்கோட்டின் ஹெராயின், கொக்கைன் மாதிரியே அடிமைப்படுத்தும் என்று அமெரிக்க அரசு அறிக்கை சொன்னது 1988-ல். அதிலிருந்து மீளச் சூயிங்கமும் பட்டையும் மருந்துக்கடையில் கிடைக்கின்றன. 1994 ஏப்ரலில் ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் வரிசையாக உட்கார்ந்து, நிக்கோட்டின் அடிமைப்படுத்தாது என்றே தாங்கள் நம்புவதாக ஒவ்வொருவராகச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் சொன்னார்கள். அவ்வளவு ஒற்றுமையான கோரஸை நான் எந்தப் பஜனை மடத்திலும் கேட்டதில்லை.

மூன்றாவதாகப் பழைய ராணுவக்காரர். 1969-ல் நரிமன் மேத்தா என்ற வேதியியலாளர் அமெரிக்காவில் புப்ரோபியான் என்ற பொருளைச் செய்தார். மனச்சோர்வுக்கான மருந்தாக 1985-ல் அனுமதி கிடைத்தது. சிலருக்கு வலிப்பு வந்ததால் 1986-ல் திரும்பப் பெறப்பட்டது. அளவைக் குறைத்து 1989-ல் மறுபடி வந்தது. கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் லிண்டா ஃபெர்ரி என்ற டாக்டர். இந்த மருந்தைச் சாப்பிட்ட நோயாளிகள் சிலர் யாரும் சொல்லாமலே சிகரெட்டை விட்டதைக் கவனித்து, ஒழுங்காகச் சோதனை செய்தார். 1997-ல் அதே மருந்து ஸைபான் என்று பெயர் மாற்றிக்கொண்டு, சிகரெட்டை நிறுத்தும் மாத்திரையாக அரசு அனுமதியுடன் அரங்கேறியது. நிக்கோட்டின் துளியும் இல்லாத முதல் மாத்திரை என்று அமெரிக்கர்கள் கொண்டாடினார்கள். பல்கேரியாவில் யாராவது சிரித்திருப்பார்கள்.

அதே சமயத்தில் கனெக்டிகட் மாநிலத்து கிராட்டனில் ஃபைசர் கம்பெனியின் ஜோதம் கோவும் கூட்டாளிகளும் நம் பழைய லாபர்னம் சரக்கைக் கையில் எடுத்திருந்தார்கள். சைட்டிசினை அப்படியே விற்றால் காப்புரிமை கிடைக்காது. மரம் யாருக்கும் சொந்தமில்லை. மூலக்கூறை அங்கே வெட்டி இங்கே ஒட்டி 1997-ல் வரெனிக்லினைச் செய்தார்கள். டூப்புக்கே ஒரு டூப். 2006 மே மாதம் அனுமதி. அமெரிக்காவில் சாண்டிக்ஸ், மற்ற தேசங்களில் சாம்பிக்ஸ். முதல் வாரம் மாத்திரையும் சாப்பிடலாம், சிகரெட்டும் பிடிக்கலாம். எட்டாம் நாள் நிறுத்த வேண்டும். மொத்தம் 12 வாரம். விடுவதற்கு முன் ஒரு வாரம் சட்டப்படி ஊதலாம் என்கிற வைத்தியத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

பக்கவிளைவு ஒன்று குமட்டல், இன்னொன்று கனவு. சாதாரணக் கனவில்லை, 70 எம்எம் திரை, டிடிஎஸ் ஒலி. குமட்டலும் கனவும் போகட்டும், சிலருக்கு மனநிலை தடுமாறியதாகவும் தற்கொலை எண்ணம் வந்ததாகவும் செய்திகள் வந்தபோது சிரிப்பு நின்றது. 2008-ல் அமெரிக்க விமானிகள் இதைச் சாப்பிடக்கூடாது என்று உத்தரவு. 2009-ல் அட்டையில் கறுப்புக் கட்டம் கட்டிய எச்சரிக்கை. சந்தேகத்தைத் தீர்க்க 8,144 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்து, 2016-ல் முடிவு வந்தது. பாதிப்பேர் ஏற்கெனவே மனநோய்ப் பின்னணி உள்ளவர்கள். வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வரெனிக்லின் சாப்பிட்டவர்களுக்கு மனநலக் கோளாறு குறிப்பிடத்தக்க அளவுக்குக் கூடவில்லை. அந்த வருஷக் கடைசியில் கறுப்புக் கட்டத்தை எடுத்தார்கள். ஏழு வருஷம் அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பயந்து, 'இதற்குச் சிகரெட்டே தேவலாம்' என்று பெட்டிக்கடைக்குத் திரும்பியவர்களின் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். 2021-ல் மாத்திரையில் நைட்ரோசமைன் வகைப் பொருள் ஒன்று அளவுக்கு மேல் இருப்பது தெரிந்து, ஃபைசர் விற்பனையை நிறுத்திச் சரக்கைத் திரும்பப் பெற்றது. நைட்ரோசமைன் எங்கே ஏராளமாகக் கிடைக்கும் தெரியுமா? புகையிலையில். டூப் போட வந்தவன் ஒப்பனை அறையில் அசலின் சட்டையையே போட்டுப் பார்த்திருக்கிறான். அந்த வருஷ ஆகஸ்டில் வேறொரு கம்பெனியின் மலிவுப் பதிப்புக்கு அனுமதி கிடைத்தது. அதே 2021-ல் உலகச் சுகாதார நிறுவனம் வரெனிக்லினையும் புப்ரோபியானையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

பல்கேரியா மாத்திரைக்கும் விமோசனம் வந்தது. 2011-ல் வார்சாவில் 740 பேரிடம் செய்த சோதனை முடிவு வெளியானது: ஒரு வருஷம் கழித்தும் புகைக்காமல் இருந்தவர்கள் மாவு மாத்திரைக் கூட்டத்தில் 2.4 சதவீதம், சைட்டிசின் கூட்டத்தில் 8.4 சதவீதம். 2014-ல் நியூசிலாந்துச் சோதனையில் அது நிக்கோட்டின் பட்டையையும் சூயிங்கத்தையும் முந்தியது. பிரிட்டனில் டாக்டர் சீட்டுக்கு அது வந்து சேர்ந்தது 2024-ல். பல்கேரியாவிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் மூன்று மணி நேரத்துச் சொச்சம். மாத்திரைக்கு அறுபது வருஷம்.

அந்த 8.4-ஐப் பார்த்துவிட்டு, 'இவ்வளவுதானா?' என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், இவ்வளவுதான். 8,144 பேர் சோதனையில் வரெனிக்லின் சாப்பிட்ட 100 பேரில் சுமார் 22 பேர் ஆறாவது மாதம் வரை தாக்குப்பிடித்தார்கள். புப்ரோபியானிலும் பட்டையிலும் சுமார் 16. மாவு மாத்திரையில் 9. எந்த டூப்பும் எல்லா ரசிகர்களையும் ஏமாற்றிவிட முடியாது. ஆனால் ஜேம்ஸின் வரி, முராதின் வாள், நோ-டு-பாக் விளம்பரம் இவற்றோடு வைத்துப் பார்த்தால், ஒன்பதை இருபத்திரண்டாக்குவது இந்த ஐந்நூறு வருஷத்தில் நடந்த பெரிய காரியம். ஒரு தடவை தோற்றவர்கள் மறுபடி முயலக்கூடாது என்று எந்த அட்டையிலும் எழுதியிருக்கவில்லை.

மருந்துக்கடைக்காரரிடம் நேராகப் போய் நிற்காமல் முதலில் டாக்டரைப் பாருங்கள். வலிப்பு வந்ததுண்டா, சிறுநீரகம் எப்படி, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள், தினம் எத்தனை சிகரெட் என்பது உட்பட. டாக்டரிடம் போகக் கூச்சமாக இருந்தால் சிகரெட் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அதில் அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற எண் இந்திய அரசின் புகையிலை நிறுத்த உதவி எண். அழைப்புக்குக் காசு கிடையாது.